"ஸ்டீல் ப்ரோ, ஒண்ணும் ஆகாது!"

பழைய ஸ்டீல் ஹார்ட்டெயில் ஃப்ரேம், அதாவது பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத மலை சைக்கிளின் (எம்டிபி) ஃப்ரேம், விற்கிறவர்கள் இந்த ஒரு வரியை எழுதக் கூடாது என்று தடை போட்டால், முக்கால்வாசி விளம்பரங்களில் விலையைத் தவிர எதுவும் மிஞ்சாது. ஒரே ஒரு படம் இருக்கும். அதுவும் செயின் இல்லாத பக்கம், கடற்கரைச் சுவரில் சாய்த்து, பின்னால் சூரியன் மறையும் நேரத்தில் எடுத்தது. கீழே "சைஸ் 18, ரெனால்ட்ஸ் டியூப், மின்ட் கண்டிஷன், டைம் பாஸ் பார்ட்டிகள் வேண்டாம்".

"ப்ரோ, சீட் போஸ்ட் என்ன அளவு?"

"ஸ்டாண்டர்ட் சைஸ்தான் ப்ரோ."

எந்த ஸ்டாண்டர்ட் ஐயா அது? சீட்டைத் தாங்கி ஃப்ரேமின் சீட் டியூபுக்குள் இறங்கும் அந்தக் கம்பிக்கு விட்டம் மட்டும் மில்லிமீட்டரில் 25.4, 26.4, 26.6, 26.8, 27.2, 30.9, 31.6 என்று வரிசையாக இருக்கிறது. இதில் 0.2 மில்லிமீட்டர் பெரிதானால் உள்ளே போகாது. 0.2 சிறிதானால் ஏறி உட்கார்ந்ததும் இறங்கும். இறங்குகிறதே என்று கிளாம்ப்பை முறுக்குவார்கள், சீட் டியூபின் பிளவு வாய் மூடிக்கொள்ளும், கொஞ்ச நாளில் பிளவின் அடியிலிருந்து விரிசல் கிளம்பும். போஸ்ட்டைக் கழற்றினால் குறைந்தபட்ச நுழைவுக் கோட்டுக்குப் பக்கத்திலேயே அளவு பொறித்திருக்கும். கழற்றிப் பார்க்க ஒரு ஆலன் கீயும் அரை நிமிடமும் போதும். அதைக்கூடச் செய்யாதவர் அந்த போஸ்ட்டை எத்தனை வருடமாகக் கழற்றவில்லை என்று யோசித்துப் பாருங்கள். அங்கேதான் வில்லங்கம்.

அலுமினிய போஸ்ட், ஸ்டீல் குழாய், நடுவில் மழைத் தண்ணீரோ வியர்வையோ: இந்த மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, அந்த ஆக்சைடு உப்பி, போஸ்ட் குழாயோடு குழாயாக இறுகிவிடும். "கொஞ்சம் டைட்டா இருக்கு, டபிள்யூடி-40 அடிச்சா வந்துரும்" என்பார்கள். வந்துவிடும் என்றால் நீங்களே எடுத்துவிட்டு விற்க வேண்டியதுதானே? இறுகிய போஸ்ட்டை எடுப்பது ஒரு தனி நரகம். ஊடுருவும் எண்ணெயை நாள்கணக்கில் ஊற வைக்க வேண்டும். பி.பி.யை, அதாவது பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டை, கழற்றி, ஃப்ரேமைக் கவிழ்த்து, அடியிலிருந்து அம்மோனியா ஊற்ற வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் போஸ்ட்டின் தலையை அறுத்துவிட்டு, உள்ளேயிருந்து ஆக்சா பிளேடால் நீளவாக்கில் கீறிச் சுருட்டி எடுக்க வேண்டும். கை ஒரு மில்லிமீட்டர் தவறினால் சீட் டியூபையே அறுத்திருப்பீர்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும், ஸ்டீலை விட்டுவிடும், உண்மைதான். கூடவே பெயின்ட்டையும் தோலையும் தின்னும், ஹைட்ரஜன் கிளம்பும். வீட்டுப் பால்கனியில் செய்கிற வேலை அல்ல. போஸ்ட் அசையவில்லை என்றால் அந்த ஃப்ரேமுக்கு இனாம் விலைகூட அதிகம்.

அடுத்தது ஸ்டிக்கர். ரெனால்ட்ஸ் 531, 853, டாங்கே பிரஸ்டீஜ், கொலம்பஸ் என்று குழாய் ரகத்தின் பெயர் ஒட்டியிருந்தால் விலை குதிக்கிறது. ரெனால்ட்ஸ் 531 வந்தது 1935-இல், பற்றவைத்த இடம் காற்றில் ஆறும்போது இன்னும் கெட்டிப்படும் 853 வந்தது 1995-இல். இரண்டுமே அருமையான குழாய்கள், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டிக்கரை நிதானமாகப் படியுங்கள். "மூன்று முதன்மைக் குழாய்கள்" என்று சின்ன எழுத்தில் இருந்தால் மேலே போகும் டாப் டியூப், முன்பக்கத்திலிருந்து பெடல் பக்கம் சாயும் டவுன் டியூப், சீட் டியூப் மட்டுமே அந்த ரகம், பின்பக்கத்துக் கம்பிகள் சாதாரண குரோமோலியாக (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) இருக்கலாம். தவிர, ஸ்டிக்கர் தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது. ஒட்டுவதற்குக் குழாய் சாட்சி கேட்பதில்லை.

குழாயிடம் சாட்சி கேட்க ஒரு வழி இருக்கிறது, அதற்குத்தான் அந்த சீட் போஸ்ட் அளவு. பழைய ஸ்டீல் ஃப்ரேம்களில் சீட் டியூபின் வெளி விட்டம் பெரும்பாலும் 28.6 மில்லிமீட்டர். 27.2 போஸ்ட் போகிறது என்றால் சுவரின் கனம் ஏறக்குறைய 0.7. 26.6 என்றால் 1 மில்லிமீட்டர். 25.4 என்றால் 1.6, அதாவது தண்ணீர்க் குழாய். நம்மூரில் "ஸ்டீல் எம்டிபி" என்ற பெயரில் கைமாறும் பல வண்டிகள் இந்தக் கடைசி ரகம்தான், ஹை-டென் என்கிற மலிவு இரும்பு. முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதை ஓட்டக்கூடாது என்றில்லை, குரோமோலி விலை சொல்லக்கூடாது. சந்தேகம் இருந்தால் தராசில் வையுங்கள். குழாயின் நடுவில் சுவரை மெலிதாக்கிய நல்ல பட்டட் குரோமோலி ஃப்ரேம் 2 முதல் 2.5 கிலோவுக்குள் வரும், ஹை-டென் 3 கிலோவைத் தொடும். இதில் இன்னொரு கூத்து, "853 என்பதால் ஃப்ரேம் விறைப்பா இருக்கும்" என்கிற வசனம். மலிவு இரும்புக்கும் உயர்ந்த ஸ்டீலுக்கும் அடர்த்தியும் விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்றேதான். வித்தியாசம் வலிமையில். வலிமை கூடுவதால் சுவரை மெலிதாக்க முடிகிறது, அதனால் எடை குறைகிறது. விறைப்பைத் தீர்மானிப்பது குழாயின் விட்டமும் கனமும்.

சுவர் மெலிதானால் துருவுக்குத் தின்ன அதிக நாள் பிடிக்காது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நடுவில் 0.5 மில்லிமீட்டர்தான் இருக்கிறது! துரு வெளியே தெரியுமென்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அது உள்ளேயிருந்து வருகிறது. சீட் டியூபின் பிளவு வழியாகவும், பற்றவைக்கும்போது வாயு வெளியேற விட்ட ஊசித் துளைகள் வழியாகவும் தண்ணீர் இறங்கி, பி.பி. கூட்டில் தேங்கும். லண்டன், டொராண்டோ பக்கம் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, சென்னையில் கடற்காற்று, எந்த ஊரிலும் வீட்டுக்குள் டிரெய்னரில் ஓட்டியவரின் வியர்வை என்று எல்லாமே அதற்குத் தீனி. சீட் போஸ்ட்டை எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு ஃப்ரேமைத் தலைகீழாக்கி உள்ளங்கையால் தட்டுங்கள். மிளகாய்ப் பொடி மாதிரி மேலாகப் படிந்திருந்தால் பரவாயில்லை, காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் ஊற்றிச் சுழற்றிக் காயவிட்டால் போதும். அப்பளம் நொறுங்கினாற்போல் செதில் செதிலாகக் கொட்டினால் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புங்கள். பி.பி. கூட்டின் அடியிலும் அங்கிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் செயின்ஸ்டே கம்பிகளின் முனைகளிலும் பெயின்ட் கொப்பளித்திருந்தால் ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். "பெயின்ட் போயிடும் ப்ரோ" என்று பதறினால், போவது பெயின்ட் அல்ல என்று அவருக்கே தெரியும்.

முன்பக்க மோதலை மறைப்பது இன்னும் சுலபம். சுவரிலோ பள்ளத்திலோ நேராக மோதிய ஃப்ரேமில், ஃபோர்க் நுழையும் ஹெட் டியூபுக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் பின்னால், டவுன் டியூபின் அடியில் லேசான வீக்கம் இருக்கும், சில சமயம் டாப் டியூபின் அடியிலும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கட்டைவிரலை அழுத்தி நீளவாக்கில் இழுத்தால் தெரியும். அந்த இடத்தில் பெயின்ட் குறுக்காகச் சிலந்திக் கோடு விட்டிருந்தால் முடிந்தது கதை. அதனால்தான் விளம்பரப் படத்தில் அந்த இடம் எப்போதும் நிழலில் இருக்கிறது. டவுன் டியூபின் நடுவில் கல் பட்டு விழுந்த வட்டமான பள்ளம் வேறு விஷயம். மடிப்பு இல்லாத வரை பெரும்பாலும் ஓட்டலாம். ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப் போங்கள். குழாய் நெடுக இழுக்கும்போது எங்காவது பிடி தளர்ந்தால் அங்கே புட்டி அப்பி மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். புதிதாக பவுடர் கோட்டிங் செய்து "ரெஸ்டோர்டு" என்று விற்பதைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. விரிசல், புட்டி, துரு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே போர்வை. பூச்சுக்கு முன் எடுத்த படம் இல்லையென்றால், பூச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் தாண்டி ஃப்ரேம் முழுசாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்டீல் பிழைத்துவிட்டது, அதைச் சுற்றியிருக்கிற அளவுகள்தான் செத்துப்போயின. "ஒண்ணும் ஆகாது" என்பவர் இதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.

ஹெட் டியூப் முதலில். 1990-களின் ஃப்ரேம் என்றால் பெரும்பாலும் 1⅛ அங்குலம், நம் பழைய கணக்கில் ஒன்றே அரைக்கால். உள் விட்டம் 34 மில்லிமீட்டர். அடியில் பருத்துவரும் இன்றைய டேப்பர்டு ஃபோர்க் அதில் எந்த ஜன்மத்திலும் நுழையாது. உள் விட்டம் 44 என்றால் அடியில் வெளிக்கிண்ணம் வைத்து டேப்பர்டு போடலாம். இந்த ஒரு அளவுதான் ஃப்ரேமுக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று சொல்லும், இதைத்தான் எவரும் எழுதுவதில்லை. நேரான ஸ்டீரருள்ள (ஹெட் டியூபுக்குள் போகும் தண்டு) பழைய ஃபோர்க்கைத் தேடினால் அது யாரோ ஒருவரின் குட்டை ஃப்ரேமுக்கு அறுத்ததாக இருக்கும். ஹெட் டியூப் 120, ஹெட்செட் பேரிங்குகள் 25 முதல் 30, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் 40, மேலே ஸ்பேசருக்குக் கொஞ்சம் என்று கூட்டினால் 190 வேண்டும். கிடைப்பது 165.

பின் அச்சு: பழையது 135 மில்லிமீட்டர், நெம்பித் திறக்கும் குவிக் ரிலீஸ். இப்போது புது வீல்கள் 148, துளைக்குள் செருகி முறுக்கும் 12 மில்லிமீட்டர் த்ரூ ஆக்சில். "ஸ்டீல்தானே, விரிச்சுக்கலாம்" என்று ஒரு மேதாவி வருவார். 130-ஐ 135 ஆக்குவது பக்கத்துக்கு 2.5, சூடு காட்டாமல் பொறுமையாக வளைத்தால் ஆகும். 135-ஐ 148 ஆக்குவது பக்கத்துக்கு 6.5. அப்படியே விரித்தாலும் த்ரூ ஆக்சிலுக்குத் துளை எங்கே? சர்லி நிறுவனம் கராத்தே மங்கி என்ற ஃப்ரேமின் பிந்தைய பதிப்பில் இந்த வளைவையே கணக்கில் எடுத்து, 142-ம் 148-ம் இரண்டுமே பொருந்த 145 இடைவெளி வைத்தது. அது வடிவமைப்பு. ஜாக்கி வைத்து விரிப்பது வன்முறை.

பிரேக்: டிஸ்க் மவுன்ட் இல்லாத ஃப்ரேமில் லோக்கல் பட்டறையில் பிளேட் பற்றவைத்து "டிஸ்க் ரெடி" என்று எழுதியிருந்தால் ஓடிவிடுங்கள். அந்த இடத்துக் கம்பி ரிம்மைப் பிடிக்கும் வி பிரேக்குக்காக வடிவமைத்தது. கேலிப்பர் பிடிக்கும் விசை முழுவதும் இடது கம்பியில் இறங்கி, வெல்டு விளிம்பில் கிழிக்கும். "26 இன்ச் வேண்டாம்னா 27.5 வீல் போட்டுக்கங்க" என்பவருக்கும் ஒரு கணக்கு: ரிம் ஆரம் 12.5 மில்லிமீட்டர் கூடுகிறது, வி பிரேக் கொம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கட்டை எங்கே போய்த் தேய்க்கும், ஸ்போக்கிலா?

80 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க்குக்கான ஃப்ரேமில் 140 மாட்டி "அப்கிரேடட்" என்று விற்பவர்கள் தனி வகை. ஃபோர்க் 20 மில்லிமீட்டர் நீண்டால் ஹெட் ஆங்கிள் சுமார் ஒரு டிகிரி சாயும். 60 கூடினால் 3 டிகிரி. சீட் டியூபும் அதே அளவு பின்னால் சாயும், பி.பி. மேலே ஏறும், மேட்டில் முன்சக்கரம் தூக்கும். நீண்ட ஃபோர்க் நீண்ட நெம்புகோல், நெம்புவது ஹெட் டியூபை. நான் சொன்ன வீக்கம் அங்கேதான் வரும்.

"சைஸ் 18" என்பதும் வெறும் சத்தம். சீட் டியூபை டாப் டியூபின் மையம் வரை அளந்தார்களா, உச்சி வரையா என்று சொல்லாத எண். கிடைமட்ட டாப் டியூப் நீளத்தைக் கேளுங்கள். 1990-களின் ஃப்ரேமில் அது குட்டை, ஏனென்றால் 120, 130 மில்லிமீட்டர் ஸ்டெம்மோடு ஓட்டச் செய்தது. அதில் இன்றைய ஃபேஷனுக்கு 50 மாட்டினால் கைக்கும் முழங்காலுக்கும் நடுவே இடமே இருக்காது.

பி.பி. மரையைக் கையால் சுற்றிப் பாருங்கள். செயின் பக்கம் இடது மரை. இது தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி நாசமாக்கிய கூடுகள் ஏராளம். செயின் பக்கத்து செயின்ஸ்டேயில், பற்சக்கரத்துக்குப் பின்னால், செயின் மாட்டிக் கடித்த வடுக்கள் இருக்கும். நகம் சிக்கும் ஆழம் என்றால் விடுங்கள். ஒரு டிராப்அவுட்டில், அதாவது பின் அச்சு உட்காரும் வாயில், நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, மறு டிராப்அவுட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் நூலுக்கும் சீட் டியூபுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் கோணலும் தெரிந்துவிடும். 2, 3 மில்லிமீட்டர் வித்தியாசம் வரை ஒப்புக்கொள்ளலாம். நூல் என்ன விலை?

விற்கிற ப்ரோக்களே, உங்களிடம் ஆயுள் உத்தரவாதம் கேட்கவில்லை. கழற்றிய போஸ்ட்டில் அந்த எண், வெர்னியர் வைத்த ஹெட் டியூப், டவுன் டியூபின் அடி, பி.பி. கூட்டின் அடி, டிராப்அவுட் இடைவெளி, செயின் பக்கத்து செயின்ஸ்டே. பகல் வெளிச்சத்தில் ஆறு படம். சூரியன் மறைகிற படத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.