எதைக் கட்டுவது, எதை அவிழ்த்து விடுவது

தினமும் ஒரு படம் வரைய ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன் இரண்டு முறை தொடங்கி நின்றுபோனது. மூன்றாவது முறைதான் ஒட்டிக்கொண்டது. எழுத்தையோ இசைப் பயிற்சியையோ ஆசையோடு தொடங்கிப் பாதியில் விட்ட நண்பர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் முறை அட்டவணை போட்டேன். திங்கள் கைவிரல்கள், செவ்வாய் மரங்கள், புதன் முகங்கள். எப்போது வரைவது என்பதை மட்டும் எழுதவில்லை, நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை. ஜன்னலோரம் காயப்போட்டிருந்த குடையின் மேல் வெயில் விழுந்திருந்த விதம் அவ்வளவு அழகு. வரையவில்லை, அன்றைக்கு முகம் வரைய வேண்டிய நாள். முகத்தையும் வரையவில்லை. அதோடு அந்த நோட்டு மூடிக்கொண்டது.

இரண்டாவது முறை விதியே வேண்டாம் என்று முடிவு செய்தேன். தோன்றும்போது, தோன்றியதை, கைக்குக் கிடைத்ததை வைத்து வரைவது. ஆனால் உட்கார்ந்த அரைமணியில் பாதி, பென்சிலா பேனாவா, மரமா மனிதரா என்று தேர்ந்தெடுப்பதிலேயே போய்விடும். சோர்ந்துபோய் எழுந்துவிடுவேன். எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்பது இவ்வளவு அலுப்பைத் தரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாவது முறை, காலையில் அதே நாற்காலி, ஒரே கறுப்புப் பேனா, ஒரு பக்கம், 20 நிமிடம். அடித்தல் திருத்தல் கிடையாது. என்ன வரைவது என்பதற்கு மட்டும் ஒரு விதியும் வைக்கவில்லை.

நம்மில் பலர் கட்ட வேண்டியதை அவிழ்த்து விட்டு, அவிழ்த்து விட வேண்டியதைக் கட்டிப்போடுகிறோம் என்பதுதான் என் கட்சி. நேரம், இடம், கருவி, அளவு எல்லாம் எவ்வளவு இறுக்கமாகவும் இருக்கட்டும். உள்ளே என்ன வரப்போகிறது என்பதில் கை வைக்கக் கூடாது.

வெண்பா என்ற மரபுச் செய்யுள் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சீரோடு அடுத்த சீர் சேரும் ஓசை விதியான வெண்டளை பிசகக் கூடாது. ஈற்றடிக்கு மூன்றே சீர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்வளவு கெடுபிடிக்குள்தான் அறம், காதல், வறுமை, வசை, கேலி எல்லாவற்றையும் பாடியிருக்கிறார்கள். ஏழே சீரில் குறள் நின்றதும் இதே வெண்பாவில்தான். எதைப் பாட வேண்டும் என்று யாப்பு சொல்வதே இல்லை. எழுதிப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தளை தட்டுகிறதே என்று வேறு சொல் தேடப் போகும்போதுதான், நினைத்தே பார்க்காத ஒரு சொல் வந்து உட்காரும். பேனாவிலும் அப்படித்தான். கோணலாக விழுந்துவிட்ட ஒரு கோட்டை என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் நாற்காலிக்கு நிழல் போடக் கற்றுக்கொண்டேன்.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ரோலப் தபால் துறையில் வேலை பார்த்தவர். விடியற்காலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று கணக்கு வைத்து எழுதியதாக அவரே சுயசரிதையில் சொல்கிறார். 47 நாவல்கள் எழுதினார். இதென்ன எழுத்தா, தொழிற்சாலையா என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எத்தனை சொல் என்பது வரைக்கும்தான் கடிகாரத்தின் அதிகாரம்.

அப்புறம், விட்டுப்போன நாட்கள். ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று நினைத்து நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. உணவு, தண்ணீர், உடற்பயிற்சி போன்ற எளிய பழக்கங்கள்தான். அவை யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. நடுவே ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவும் இல்லை. 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு வேண்டுகோள். தாள் கொடுங்கள், இடம் கொடுங்கள், தினமும் ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். “இன்னைக்கு யானை வரை” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சரி, விதி பிடிக்காமல் போனால்? எனக்கும் போகும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது அந்தக் கறுப்புப் பேனா அலுத்துவிடும். மாற்றலாம். ஆனால் ஒரு நோட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போதுதான் மாற்றுவேன், நடுவில் இல்லை. நடுவில் மாற்ற இடம் கொடுத்தால், வரைவதை விட்டுவிட்டு விதியைத்தான் திருத்திக்கொண்டிருப்பேன். இப்போதிருக்கும் நோட்டில் இன்னும் 11 பக்கம் மிச்சம். அடுத்ததைப் பென்சிலில் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.