எரிந்தும் பிழைத்த படங்கள்

எல்லாப் படங்களும் ஓடிடியில் கிடைக்கும் காலத்தில் எதற்காகக் காசைக் கொட்டி டிஸ்க் வாங்குகிறாய் என்று என் வயது நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், டென்மார்க் இயக்குநர் கார்ல் தியோடர் டிரையரின் 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' படத்துக்கு நேர்ந்ததைத்தான் நான் முதலில் சொல்வேன்.

1928இல் வெளியான அந்த மௌனப் படத்தின் மூல நெகட்டிவ் அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் ஒரு ஃபிலிம் லேபில் ஏற்பட்ட தீவிபத்தில் அழிந்தது. டிரையர் மனம் தளராமல், அதே காட்சிகளை வேறு முறை எடுத்து ஒதுக்கி வைத்திருந்த மாற்று டேக்குகளைக் கொண்டு படத்தை மறுபடியும் தொகுத்தார். அதுவும் அடுத்த ஆண்டே இன்னொரு லேபில் எரிந்துபோனதாக நம்பப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அரைகுறைப் பிரதிகளும் பிறர் கைவைத்த பிரதிகளுமே உலகெங்கும் ஓடின. 1981இல், டிரையர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, நார்வேயின் ஆஸ்லோ அருகே ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில், வசனம் காட்டும் டேனிஷ் எழுத்தட்டைகளுடன் முதல் வடிவத்தின் பிரதி ஒன்று கிடைத்தது. நாம் இன்று பார்ப்பது அதிலிருந்து மீண்ட படம்.

அதை நல்ல டிஸ்கில் பார்க்கும்போது ஜோனாக நடித்த ரெனே ஃபால்கொனெட்டியின் முகம் நம் முன் வந்து நிற்கிறது. டிரையர் நடிகர்களுக்கு ஒப்பனையே வேண்டாம் என்று சொன்னவர். வெடித்த உதடுகளும், கன்னத்தில் இறங்கும் கண்ணீரின் தடமும், ஜோனை விசாரிக்கும் பாதிரியார்களின் மருக்களும் சுருக்கங்களும் கதையின் பகுதியாகவே இருக்கின்றன. மங்கிய பிரதியில் இவை கரைந்துபோனால் அந்தப் படத்தில் மிச்சம் என்ன இருக்கும்?

படத்தை எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. 2018இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட புளூ-ரே டிஸ்க், விநாடிக்கு 20 ஃபிரேம், 24 ஃபிரேம் என இரண்டு வேகங்களிலும் படத்தைத் தருகிறது. மொத்த நீளத்தில் ஏறத்தாழ கால் மணி நேரம் வித்தியாசம் வருகிறது. இரண்டையும் பார்த்தபின் எனக்கு 20தான் சரியென்று பட்டது; அந்த முகத்தில் ஓர் எண்ணம் தோன்றி மறைவதற்கான அவகாசம் அதில்தான் இருக்கிறது. டிரையர் இந்தப் படத்துக்கென்று எந்த இசையையும் முடிவாகத் தேர்ந்தெடுத்ததில்லை என்பதால், ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு ஒரு முறையாவது பார்க்கும்படி கேட்டுக்கொள்வேன். ஆய்வாளர்கள் விவாதிக்கும் ஒரு கேள்வியை என் அறையில் உட்கார்ந்து நானே சோதித்துப் பார்க்க டிஸ்க்தான் வழி செய்தது. ஓடிடி நமக்கு ஒரே ஒரு வடிவத்தைக் காட்டுகிறது, உரிமம் முடிந்த மாதம் அதையும் எடுத்துவிடுகிறது.

அபு என்ற சிறுவன் வளர்ந்து ஆளாவதைச் சொல்லும் சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றுக்கும் நேர்ந்தது இதைவிட நமக்கு நெருக்கமானது. 1993இல் லண்டனில் ஹெண்டர்சன் லேபில் பற்றிய தீயில் அவற்றின் மூல நெகட்டிவ்கள் கருகின. எஞ்சிய சுருள்களை அமெரிக்காவின் ஆஸ்கர் அகாடமி தூக்கி எறியாமல் இருபது ஆண்டுகள் பாதுகாத்தது. பிறகு இத்தாலியின் போலோன்யா நகரிலுள்ள லிம்மாஜினே ரிட்ரொவாட்டா லேபில், உலர்ந்து நொறுங்கும் ஃபிலிமுக்கு ஈரப்பதம் ஏற்றி, உருகிய டேப்பையும் பசையையும் அகற்றி, பிய்ந்த ஓரத்துத் துளைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் கையாலேயே உழைத்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதமும் 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீண்டன. மற்ற பகுதிகளுக்கும் 'அபுர் சன்சா'ருக்கும் வேறு நல்ல பிரதிகள் உதவின. 2015இல் மூன்று படங்களும் கிரைட்டீரியன் புளூ-ரேயாக வந்தன.

அதில் 'அபராஜிதோ'வின் காசி வீட்டு முற்றத்தைப் பாருங்கள். அது கல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட். மேலே வெள்ளைத் துணியை விரித்து, விளக்கொளியை அதன்மேல் பாய்ச்சி, அங்கிருந்து சிதறி இறங்கச் செய்தார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. திறந்த வானத்திலிருந்து வரும் வெளிச்சம் போலவே, கூர்மையான நிழல் எதுவும் விழாமல் அது சுவரில் படர்கிறது. கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே இருக்கும் அத்தனை சாம்பல் நிறங்களும் தெரிந்தால்தான் அவர் செய்தது என்னவென்று புரியும். இணையத்தில் சுருக்கி அனுப்பப்படும் படத்தில் ஃபிலிமுக்கே உரிய நுண்ணிய மணித்துகள்கள் (கிரெய்ன்) குழைந்து, சுவர் வெறும் சாம்பல் பூச்சாகிவிடுகிறது. புளூ-ரேயில் படத்தின் தரவுக்கு விநாடிக்கு 40 மெகாபிட் வரை இடமுண்டு. அது கண்ணுக்கே தெரிகிறது.

எனக்கு ஆறாத வருத்தம் ரீஜன் பூட்டைப் பற்றியது; ஒரு மண்டலத்துக்கென்று பூட்டிய டிஸ்க் வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. புளூ-ரே கணக்கில் இந்தியா 'சி' மண்டலம், அமெரிக்கா 'ஏ', ஐரோப்பா 'பி'. வங்காளத்தில் எடுத்த படத்துக்கு அமெரிக்காவில் வந்த மிகச் சிறந்த டிஸ்கை இந்தியாவில் விற்கும் சாதாரணப் பிளேயர் ஏற்காது என்பது பெரிய அநியாயம். புளூ-ரேக்கு அடுத்து வந்த, இன்னும் கூர்மையான 4கே யூஎச்டி டிஸ்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது, அபு படங்கள் மூன்றும் இப்போது அதிலும் வந்துவிட்டன. டிஸ்க் சேகரிக்கத் தொடங்கும் எண்ணமுள்ளவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். கூடவே வரும், மறுசீரமைப்பைப் பற்றிய சிறு படத்தையும் தவறவிடாதீர்கள்.