‘சிலுவை’ என்பது ‘சிலை வை’ அல்ல

போர்த்துக்கேயர் கொழும்பில் ‘சிலை வை’ என்று இட்ட கட்டளையே ‘சிலுவை’ ஆனது என, இலங்கையின் வட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்தி தவறானது. ‘சிலை வை’ என்பதிலுள்ள ஐகாரம் உகரமாவானேன் என்று செய்தியை எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

சிலுவை, அரமேயத்தின் கிளையான சிரியாக் மொழியின் ‘ஸ்லீபா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதே வேரில் பிறந்ததே அரபியின் ‘ஸலீப்’. சிரியாக்கை மரபு வழிபாட்டு மொழியாகக் கொண்ட கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் பலர் இன்றும் அதனை ‘ஸ்லீவா’ என்று ஒலிப்பதால், நம் சொல்லின் வகரத்துக்கும் விளக்கம் கிடைக்கிறது.

போர்த்துக்கேயரின் சொல்லோ ‘குரூஸ்’. அதுவே சிங்களத்தில் ‘குருசிய’ எனவும், தமிழில் ‘குருசு’ எனவும் வழங்குகிறது. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் அருகருகே மண்டியிடும் இருவரில் தமிழர் சிலுவை என்பதைச் சிங்களவர் குருசிய என்பது இதனாலேயே.