பேய் பேசுவது பக்கத்து ஊர்ப் பாஷை

போன வாரம் 'மணிச்சித்ரதாழ்' என்ற மலையாளப் படத்தை மறுபடி பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள். பக்கத்தில் பாலக்காட்டு நண்பர் ஒருவர். கட்டில் காட்சியில், நாகவல்லி என்ற பேய் பிடித்தவளாக வரும் சோபனா சட்டென்று தமிழுக்கு மாறியதும் மனுஷன் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கோ, கோபம் வந்தால் எங்கள் பெரியம்மா பேசுவது போலத்தான் இருந்தது.

கேரள எல்லையோரம் தமிழ் பேசும் ஊரான கொழிஞ்சாம்பாறைக்காரனுக்கு இது ஒரு சங்கடம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம் என்று வளர்ந்தவனுக்கு, தஞ்சாவூரிலிருந்து வந்த நாகவல்லி பேயாகத் தெரிவதில்லை, தனியாக மாட்டிக்கொண்ட நம்ம ஊர்ப் பெண்ணாகத்தான் தெரிகிறாள். 1993இல் பாசில் எடுத்த படம், சோபனாவுக்குத் தேசிய விருது, எல்லாம் சரி. ஆனால் அந்தப் படத்தில் மற்றவர்கள் பயப்படுகிற இடத்தில் நான் அழுகிறேன், இதை நண்பரிடம் சொன்னால் சிரிக்கிறார்.

அடுத்த நாளே அதே கதையின் தமிழ்ப் படம் 'சந்திரமுகி' போட்டேன். டைரக்டர் வாசு கெட்டிக்காரர், தமிழ்ப் பேய் தமிழ் பேசினால் எவன் பயப்படுவான் என்று தெரிந்து ஆளைத் தெலுங்குக்காரி ஆக்கிவிட்டார். தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாத எனக்கு 'ரா ரா' வந்ததும் உள்ளங்கை வேர்த்தது! படமாகப் பார்த்தால் மூலத்துக்குப் பக்கத்தில்கூட நிற்காது, வடிவேலு இல்லாவிட்டால் முதல் பாதி தாங்காது, ஜோதிகா மட்டும் கடைசி அரை மணி நேரத்தைத் தோளில் சுமக்கிறார். ஆனால் பயந்தது பயந்ததுதான், பொய் சொல்ல மாட்டேன்.

புதுசில் 'நண்பகல் நேரத்து மயக்கம்' என்ற மலையாளப் படம் இதே விஷயத்தைப் பேயே இல்லாமல் செய்கிறது. வேளாங்கண்ணி போய்விட்டுத் திரும்பும் மலையாளி ஒருத்தர் பஸ்ஸை நிறுத்தி இறங்குகிறார், தமிழ்க் கிராமத்து வீடு ஒன்றில் நுழைந்து, அங்கே காணாமல் போன சுந்தரமாகவே ஆகிவிடுகிறார். மம்மூட்டியின் தமிழில் ஒன்றிரண்டு இடத்தில் மலையாள வாசம் அடிக்கிறது. அடிக்கட்டும், எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் பேசுகிறோம். பின்னணி இசை என்று தனியாக எதுவும் உறுத்தவில்லை, டிவியில் ஓடும் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமுமே போதும் என்று டைரக்டர் லிஜோ விட்டிருக்கிறார். மெதுவான படம் என்று திட்டுகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாருங்கள், தூக்கம் வந்தாலும் தப்பில்லை.

கொடைக்கானல் குகையில் மாட்டிக்கொள்ளும் மலையாளிகளின் படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' எனக்குப் பிடித்ததுதான், குகைக்குள் அந்தக் 'குணா' பாட்டு வரும்போது கைதட்டினேன். ஆனால் தமிழ் போலீஸ் என்றாலே அடிக்கிறவன், தமிழ்ப் படத்தில் மலையாளி என்றாலே டீக்கடைச் சேட்டன். இரண்டு பக்கமும் இதை எப்போது விடுவார்கள்? நடுவில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு இரண்டு அடியும் விழுகிறது.

இந்தியில் இதே கதை 'பூல் புலையா', அங்கே பேய்க்கு வங்காளம். வங்காளம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மஞ்சுளிகாவைப் பார்த்து உங்களுக்குப் பயம் வந்ததா, இல்லை உங்கள் பெரியம்மா ஞாபகம் வந்ததா?