குண்டு எடைக்கு முன் குழலின் ட்விஸ்ட்டைப் பாருங்கள்

கயோட்டி (வட அமெரிக்கக் காட்டு நாய் இனம்) வேட்டைக்கு எந்த கம்பெனியின் லேசான ரைபிளை, .223 தோட்டா சுடுவதை, வாங்கினாலும் 77 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் அலகு) குண்டு வரை ஒரே மாதிரி சுடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க, அது குழலின் ட்விஸ்ட்டைப் பொறுத்தது; அதாவது, குண்டைச் சுழல வைக்க குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று திரும்புகின்றன என்பதை. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழலில் (பழைய ரெமிங்டன் 700 ரைபிள்களில் பல இப்படித்தான்) 55 கிரெயின் நன்றாகப் போகும். 77 கிரெயின் குண்டு நீளமானது. சுழற்சி போதாமல் தடுமாறும். அதற்கு 8 அங்குல ட்விஸ்ட் வேண்டும். கயோட்டிக்கு 55 கிரெயினே தாராளம் என்பது வேறு விஷயம்.

சரிபார்ப்பது சுலபம். ரைபிள் காலி என்று உறுதிசெய்து போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) கழற்றுங்கள். அப்புறம், தானாகச் சுழலும் க்ளீனிங் ராடில் (குழலைத் துடைக்கும் கம்பி) இறுக்கமாகத் துணி மாட்டி, ராடில் ஓர் அடையாளமும் போட்டு, குழலுக்குள் மெல்லத் தள்ளுங்கள். ஒரு முழுச் சுற்று திரும்ப எத்தனை அங்குலம் உள்ளே போகிறதோ, அதுதான் உங்கள் ட்விஸ்ட்.