ஒரு பாக்கெட்டை நிறுத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது

அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, கேமரா முன்னால் தராசில் வைத்து, "பாருங்கள், 8 கிராம் குறைவு" என்று காட்டும் சோதனைகள் செய்திக்கு நன்றாக இருக்கும். வழக்கென்று போனால் நிற்காது. 500 கிராம் என்று அச்சிட்ட பாக்கெட் ஒவ்வொன்றிலும் 15 கிராம் வரை குறைந்திருக்க விதியே இடம் கொடுக்கிறது. 100 கிராம் பாக்கெட்டுக்கு அது 4.5 கிராம். ஐரோப்பாவின் 1976 ஆணையிலும் இந்தியாவின் 2011 விதிகளிலும் இந்த எண்கள் ஒன்றேதான்.

திருட லைசென்ஸா என்று கேட்கத் தோன்றும். இல்லை. எந்த நிரப்பும் மெஷினும் ஏறி இறங்கித்தான் கொட்டும். அதனால்தான் கூடவே ஒரு கடிவாளமும் உண்டு: மொத்த லாட்டின் (ஒரே தொகுப்பாக நிரப்பிய பாக்கெட்டுகளின்) சராசரி, லேபிளில் போட்ட எடைக்குக் கீழே போகக் கூடாது. 15 கிராமுக்கு மேல் குறைந்தவை மிகச் சிலவே இருக்கலாம். 30 கிராமுக்கு மேல் குறைந்தது ஒன்றுகூட இருக்கக் கூடாது.

என்னைக் கேட்டால் சராசரிதான் இதில் உயிர். ஒருவர் 500 கிராம் பாக்கெட்டுக்கு மெஷினை 498-இல் செட் செய்துவிட்டார் என்று வையுங்கள். அநேகமாக எந்தப் பாக்கெட்டும் 15 கிராம் எல்லையைத் தொடாது. வீட்டுத் தராசில் போட்டாலும் சந்தேகம் வராது. ஆனால் ஒரு லட்சம் பாக்கெட்டில் 200 கிலோ மிச்சம். இதைப் பிடிக்க, ஒரே லாட்டிலிருந்து, பார்த்துப் பொறுக்காமல் கைக்கு வந்தபடி 80 பாக்கெட் எடுக்க வேண்டும். பாக்கெட்டுகளின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து அவை வழக்கமாக விலகும் அளவு) 4 கிராம் என்றால், 80-இன் சராசரியில் தற்செயலாக வரும் பிசகு வழக்கமாக அரை கிராம்கூட இருக்காது. அப்போது 2 கிராம் குறைவை "மெஷின் கோளாறு சார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

சோதிப்பவர்களும் சறுக்கும் இடம் காலிப் பையின் எடை. லேபிளில் இருப்பது நிகர எடை. பை செய்யும் பிலிம் ரோல் மாறினால் பையின் கனமும் மாறும். காலையில் போட்ட டேர் (கழிக்க வேண்டிய காலிப் பை எடை) அப்படியே கிடந்தால், அன்றைய கணக்கு முழுக்கத் தப்பு. கண்ணாடி ஜாடி இன்னும் மோசம், ஒன்றுக்கொன்று பல கிராம் வித்தியாசப்படும். அங்கே பத்து காலி ஜாடியின் சராசரி உதவாது. அந்தந்த ஜாடியைக் கவிழ்த்து, கழுவி, காயவைத்து நிறுக்க வேண்டும். உப்புநீரில் ஊறும் சரக்கென்றால் சல்லடையில் 2 நிமிடம் வடித்த பிறகே எடை. (தராசுக்கு மேலே மின்விசிறி சுற்றினால் கிராமுக்குக் கீழே உள்ள எண்களை எழுதவே வேண்டாம்.)

ஈரப்பசையுள்ள பண்டம் வழியிலேயே காய்ந்து எடை இழக்கும். பேக்கிங்கில் சரியாக இருந்தது அலமாரியில் குறைவதும் உண்டு. சில்லறைக் கடைக்காரரை முதலில் பிடிப்பது இதனாலும் அநியாயம். ஆய்வாளர் போக வேண்டியது பேக்கிங் கூடத்துக்கும் மொத்தக் கிடங்குக்கும். அங்கே செக்வெயர் (பாக்கெட்டுகளை வரிசையிலேயே நிறுக்கும் மெஷின்) பதிவு இருக்கும். மெஷினை எந்த எடைக்கு செட் செய்தார்கள் என்பது தேதிவாரியாகத் தெரியும்.

அபராதமும் வழக்குக்கு இவ்வளவு என்றிருந்தால் அது வியாபாரச் செலவாகிப் போகும். லாட்டின் மொத்தக் குறைவைக் கணக்கிட்டு, அதன் விலையைப் போல் பல மடங்கு வாங்கட்டும். மறு நிரப்பு முடியாமல் லாட்டும் வெளியே போகக் கூடாது. அதோடு லாட் எண், மாதிரி எண்ணிக்கை, டேர், சராசரி ஆகிய நான்கையும் பொதுவில் போடட்டும்.