அது ராக்கெட் இல்லை, கல்லறை மூடி

மறுபடியும் அதே படம். மெக்சிகோவில் மாயன் மக்களின் பழைய நகரமான பலெங்கேயில் கிடைத்த கல்லறை மூடியைப் பக்கவாட்டில் திருப்பி, "ராக்கெட் ஓட்டும் மாயன்" என்று போட்டு, நன்றாகப் படித்தவர்களே வரிசையாகப் பகிர்கிறார்கள். திருத்தம் சொன்னவருக்குக் கிடைத்த பதில்: "தொல்லியலாளர்கள் உண்மையை மறைக்கிறார்கள்."

மறைத்தார்களா? அந்தக் கல்லைக் கண்டுபிடித்ததே ஒரு தொல்லியலாளர்தான். பெயர் அல்பெர்த்தோ ரூஸ். பதிவில் அவர் பெயர் ஒரு வரிகூட இல்லை.

பலெங்கேயில், கல்வெட்டுக் கோயிலின் தரையில் ஒரு பலகைக்கல். அதில் வரிசையாகத் துளைகள், கல் வைத்து அடைத்தவை. கோயில் சுவர் தரையோடு நிற்காமல் கீழேயும் போவதை ரூஸ் கவனித்தார். அப்படியானால் அடியில் ஏதோ இருக்க வேண்டும். 1949-இல் கல்லைத் தூக்கினால் படிக்கட்டு. அதுவும் மேலிருந்து கீழ்வரை கல்லும் மண்ணும் திணித்து அடைத்தது. காற்றோட்டமில்லாத புழுக்கத்தில், கயிறும் கப்பியும் போட்டு ஒவ்வொரு கல்லாக மேலே இழுத்தார்கள். 45 படி இறங்கி, திரும்பி, இன்னும் 21 படி. இதற்கே நான்கு அகழாய்வுப் பருவங்கள். 1952 ஜூன் 15-இல்தான் வாசலை அடைத்திருந்த முக்கோணக் கல்லை நகர்த்திக் கல்லறைக்குள் போனார்கள்.

மூடி 3.8 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், பல டன் எடை. அடியில் இருப்பதைப் பார்க்க, அதை அந்த அறைக்குள்ளேயே தூக்கியாக வேண்டும். மரத்தை வெட்டி, துண்டுகளைப் படிக்கட்டு வழியாக இறக்கி, மூடியின் மூலைகளுக்கு அடியில் நிறுத்தி, அதன்மேல் லாரி ஜாக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். ஒரு மூலை முந்தினால் எடை மறுமூலைக்குப் போகும், கல் விரிசல் விடும், சிற்பம் போய்விடும். அந்தப் பொறுமையால்தான் இன்று பகிர்வதற்கு உங்களிடம் ஒரு படம் இருக்கிறது.

"இருந்தாலும் ராக்கெட் மாதிரித்தானே இருக்கு?" நிமிர்த்திப் பாருங்கள். கீழே பாதாளத்தின் எலும்புத் தாடை, நடுவில் சாய்ந்திருக்கும், அங்கே புதைக்கப்பட்ட மன்னர் பக்கல், பின்னால் சிலுவை வடிவ உலக மரம், உச்சியில் பறவை. அதே மரமும் பறவையும் அதே ஊரின் சிலுவைக் கோயிலிலும் இருக்கின்றன. அங்கே யாரும் ராக்கெட் தேடவில்லை.

"ரூஸே தப்பு பண்ணினவர்தானே?" மூடிக்கு அடியில் கிடைத்த எலும்பை வைத்து, இறந்தபோது மன்னருக்கு வயது 40-50 என்றார். கல்வெட்டோ 80 என்றது. பிந்தைய எலும்பு ஆய்வு முதுமைப் பக்கம்தான் நின்றது. இதெல்லாம் எல்லோரும் பார்க்க அச்சில் நடந்த விவாதம். மறைப்பவன் இப்படியா செய்வான்?

மூடியின் விளிம்பிலேயே பக்கலின் பிறப்பும் இறப்பும் மாயன் எழுத்தில் வெட்டியிருக்கிறது: நம் கணக்கில் 603, 683. கமெண்டில் சண்டைக்கு வருபவர்கள், விண்வெளி ஓட்டிக்கு இறந்த தேதியை எதற்காக வெட்டினார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு வாருங்கள்.